வார்ம்-அப் ராணி

என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘வார்ம்-அப் ராணி’ என்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. இருப்பது ஒரே ஒரு உடைமாற்றும் அறை, அதில் சதா ஒழுகும் ஒரு குழாய், குழாய்ச் சத்தத்தை மிஞ்சிக் கத்திப் பேசும் ஒரு டீம் பெண்கள். இதில் எந்த ரகசியம் தங்கும்?

பட்டம் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டைக்குப் போகலாம். பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் ஆடுவது லாக்ரோஸ். யாரிடம் சொன்னாலும் உடனே “அது என்ன?” என்பார்கள், சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நீளக் கம்பு, அதன் முனையில் ஒரு வலைப்பை. அதில் கெட்டி ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எதிரி கோலுக்குள் சுழற்றி எறிய வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்தப் பந்து நெற்றியில் பட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் காதுக்குள் மணி அடிக்கும். நான் கோல்கீப்பர். ஆகவே மணி எனக்குத்தான்.

மேட்ச் ஆரம்பிப்பதற்கு முன்னால் கோல்கீப்பரை நிற்க வைத்து ஒருவர் பந்து பந்தாக எறிவார். மேலே, கீழே, இடுப்புக்கு, காலுக்கு. கையும் கண்ணும் சூடேறுவதற்காக. அந்த நேரத்தில் என்னைப் பார்க்க வேண்டும். எதிர் டீம் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு பந்துகூட உள்ளே போகாது. பிறகு விசில் அடிப்பார்கள், ஆட்டம் தொடங்கும், நான் திறந்து போட்ட கதவாகிவிடுவேன். வருகிறவர் போகிறவரெல்லாம் உள்ளே போட்டுவிட்டுப் போவார்கள்.

ஏன் இப்படி என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கோச்சுக்கு எல்லாமே மனசுதான். “நீ மேட்ச்னாலே மிரண்டுடற” என்பார். மேட்ச்சே பார்த்திராத என் வேலையிடத்துச் சூப்பர்வைசர் அக்கா, யாரோ கண்ணு வெச்சிருக்காங்க என்றாள். நானும் முட்டாள் இல்லை, எனக்கும் யோசிக்கத் தெரியும். வார்ம்-அப்பில் எறிகிறவர் ஒருவர். முன்னால் யாரும் இல்லை. பந்து கம்பை விட்டுக் கிளம்புவதிலிருந்து கைக்கு வரும்வரை பளிச்சென்று தெரியும். மேட்ச்சில் நம் ஆட்களின் முதுகே பாதிப் பந்தை மறைக்கும், எறிகிறவள் ஓடிக்கொண்டே எறிவாள், எப்போது எறிவாள் என்று அவளுக்கே தெரியாது. சரி. ஆனால் இது உலகத்திலுள்ள எல்லாக் கோல்கீப்பருக்கும் உள்ள கஷ்டம். அவர்களுக்கெல்லாம் கொஞ்சம் குறையும். எனக்கு மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இதில் எங்கள் கோச்சின் பழக்கம் வேறு. அவர் கீப்பரை முன்கூட்டியே முடிவு செய்ய மாட்டார். சனிக்கிழமை மைதானத்தில் இரண்டு கீப்பர்களும் வார்ம்-அப் செய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். “இன்னைக்கு எவ கண்ணுல பந்து விழுதோ அவதான் நிப்பா” என்பார். வார்ம்-அப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆள் ஏது? ஒவ்வொரு வாரமும் நான்தான் நின்றேன். ஒவ்வொரு வாரமும் தோற்றுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் என் வார்ம்-அப்பில் மயங்கி, மறுபடியும் என்னையே நிறுத்துவார். மனிதர் நல்லவர்தான், ஆனால் சில விஷயங்கள் மண்டையில் ஏறாது. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் இரண்டாவது கீப்பர்கள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வருடம் வந்தவளைப் ‘புதுசு’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகிவிட்டது. வார்ம்-அப்பில் கொட்டாவி விடுவாள். ஆனால் பயிற்சியில் ஆட்கள் மேலே வந்து விழும்போது, எங்கிருந்தோ ஒரு காலை நீட்டிப் பந்தைத் தடுத்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி மேட்ச்சுக்கு முந்தின வாரம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை தோத்தா கீழ் டிவிஷனுக்குப் போயிடுவோம். தெரியும்ல?”

“தெரியும் கோச்.”

“ஜெயிச்சுக் குடு, அடுத்த சீசனும் இடம் உன்னுது. இல்லன்னா புதுசுதான். இதுக்கு மேல என்னால இழுத்துட்டுப் போக முடியாதும்மா.”

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. எனக்கு முப்பத்திமூன்று வயது. இந்தக் கிளப்பை விட்டால் எனக்கு வேறு கிளப் இல்லை. வாரம் முழுக்க அடுத்தவர்களின் படுக்கை விரிப்பை அடுக்கிவிட்டு, சனிக்கிழமை ஒரு நாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் நான் ஒரு ஆளாகத் தெரிவேன். யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்கு.

எனக்கு மட்டுமில்லை, அண்ணனுக்கும். எனக்கு வார்ம்-அப் பந்து எறிவது என் அண்ணன்தான். கோச்சின் கைக்கு அந்த வேகம் வராது என்பதால் அவரும் விட்டுவிட்டார். அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் டீமில் பெரிய எறிகாரன். அவன் எறிந்தால் கோல் வலை கிழியும் என்பார்கள். சேறாகிக் கிடந்த ஒரு மைதானத்தில் வலது முழங்கால் திருகிக்கொண்டதோடு எல்லாம் முடிந்தது. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் சாவி வெட்டுகிறான், பூட்டு சரிசெய்கிறான். காலை நீட்டி வைக்கக்கூட இடமில்லாத கடை. ஆடுவது நின்றுபோன அன்றிலிருந்து அவன் பந்தெல்லாம் எனக்குத்தான். நான் பள்ளிக்கூடப் பையோடு வந்து நிற்பேன், அவன் எறிவான்.

வியாழக்கிழமைதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதுவும் மைதானத்தில் இல்லை, வேலை செய்யும் இடத்தில்.

நான் இருப்பது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஆஸ்பத்திரிகளின் விரிப்புகள், ஓட்டல்களின் விரிப்புகள் எல்லாம் வண்டி வண்டியாக எங்களிடம் வரும். ஈர விரிப்பை அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் மிஷினுக்குள் விடுவார்கள். சூடான உருளைகளுக்குள் போய்க் காய்ந்து, மடிந்து, என் பக்கம் மேஜையில் வந்து விழும். விழுந்த உடனே எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். தாமதித்தால் அடுத்தது வந்து இதைக் கீழே தள்ளிவிடும். கீழே விழுந்தது மறுபடியும் சலவைக்குப் போக வேண்டும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. திரும்பி நின்று சூப்பர்வைசர் அக்காவோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே எடுப்பேன்.

அன்று காலை மெக்கானிக் மிஷினைத் திறந்து வைத்திருந்தார். தேய்ந்துபோன எதையோ மாற்றி, எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “இனிமே பாருங்க, பூ மாதிரி ஓடும்” என்றார்.

பூ மாதிரித்தான் ஓடியது. என் கைதான் ஓடவில்லை. முதல் விரிப்பு கீழே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நான் வம்பை நிறுத்திவிட்டு, மேஜையையே முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் என் கை போய்ச் சேர்வதற்குள் அடுத்தது வந்து இடித்தது.

“ராத்திரி தூங்கலையா? கண்ணத் தொறந்து பாருடி!” என்று அக்கா கத்தினாள்.

“பாத்துட்டுத்தானே இருக்கேன் அக்கா.”

“பாக்கற லட்சணமா இது? ஒரு வண்டித் துணி திரும்பப் போகுது!”

மத்தியானம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. பழைய மிஷின் விரிப்பை வெளியே தள்ளுவதற்குச் சற்று முன்னால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். அந்த ‘டக்’குக்குத்தான் என் கை போயிருக்கிறது. இத்தனை வருடமாக நான் பார்த்து எடுக்கவே இல்லை, கேட்டு எடுத்திருக்கிறேன். கண்ணுக்கு வேலையே வைக்கவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அட, இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அக்காவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. எனக்கு இன்னொரு சத்தம் கேட்டது. அண்ணனின் முழங்கால்.

அந்தக் கால் திருகிக்கொண்டதிலிருந்து, அழுத்தி ஊன்றினால் உள்ளே சத்தம் வரும். மேலே எறியும்போது ஒரு ‘டொக்’. கீழே எறியக் குனிந்தால் ‘டொக்-டொக்’. வீட்டில் எல்லாரும் கேலி செய்வோம், அண்ணன் வருவது தெரிய அழைப்பு மணியே வேண்டாம் என்று அண்ணி சொல்வாள். பந்து கிளம்புவதற்கு ஒரு கண நேரம் முன்னால் அந்தச் சத்தம். எப்போது வருகிறது, மேலேயா கீழேயா, எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். இடமா வலமா என்பதை அவன் தோளே சொல்லிவிடும், அது எனக்கு மனப்பாடம். என் கண் பந்தைத் தேடவே தேவையில்லை.

மேட்ச்சில் எந்தப் பெண்ணுக்கு முழங்கால் டொக்கென்று கேட்கும்?

டீ ஆறிப்போனது. இல்லை, இருக்காது, கண்டதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கிளம்பும்போது முதலுதவிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் நாங்கள் பயிற்சி செய்யும் இடம் இருக்கிறது. கோல் சட்டம் அண்ணனே இரும்புக் குழாயில் பற்றவைத்தது. அன்று சாயங்காலம், அவன் பந்துகளைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது, நான் திரும்பி நின்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

முதல் பந்து என் தோளுக்கு மேலே போனது. நான் அசையக்கூட இல்லை. அடுத்தது காலுக்கு நடுவே போனது. அடுத்தது இடுப்புக்குப் பக்கத்தில். பந்து வருவது தெரிகிறது. தெரிவதற்கும் கை கிளம்புவதற்கும் நடுவில் ஒரு பெரிய வெறும் இடம். மேட்ச்சில் நான் நிற்கும் அதே இடம், அதே திகில். அண்ணனின் வாய் அசைந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்து நொண்டிக்கொண்டு வந்தான். அதற்குள் நான் பஞ்சை எடுத்துவிட்டேன்.

“என்னடி ஆச்சு? சிலை மாதிரி நிக்கற? உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணும் இல்லண்ணா. தலைவலி. இப்பப் போடு.”

போட்டான். டொக். பிடித்தேன். டொக்-டொக். பிடித்தேன். அவன் தோளைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பாத்தியா! வந்துருச்சு பாரு! சனிக்கிழமை அவளுங்க அழப் போறாளுங்க!” என்று அண்ணன் குதிக்காத குறைதான்.

“அண்ணா, உன் முழங்கால்...” என்று ஆரம்பித்தேன்.

“அதுக்கென்ன இப்ப? புதன்கிழமை அறுத்துப் போட்டுருவாங்க, புதுக் கால் வந்துரும். உங்க அண்ணிதான் போன தடவையே பண்ணியிருக்கணும்னு திட்டித் தீக்கறா. சீசன் நடுவுல போய்ப் படுத்துக்கிட்டா உனக்கு யாரு பந்து போடறது?”

அவன் கோல் சட்டத்தில் சாய்ந்து, காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினான்.

“நான் ஆட முடியாம போனப்ப எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே. சரி, இவன் கதை முடிஞ்சுதுங்கற மாதிரி. நான் மட்டும் நினைச்சுக்கிட்டேன், இன்னும் முடியலடா, என் தங்கச்சி இருக்கான்னு. உருப்படியா நான் ஒண்ணு செஞ்சிருக்கேன்னா அது உனக்குப் போட்ட பந்துதான். கடையில உக்காந்து சாவி வெட்டறப்பகூட அதைத்தான் நினைச்சுக்குவேன்.”

இதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? நீ போட்ட பந்தெல்லாம்தான் என்னைக் குருடாக்கியது என்றா? தலைவலி அதிகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதே யோசனை. அண்ணன் வார்ம்-அப் கொடுத்தால் கோச் என்னை நிறுத்துவார், அதில் சந்தேகம் இல்லை. நான் தோற்பேன், அதிலும் சந்தேகம் இல்லை. இடம் போய்விடும். வேறு யாராவது எறிந்தால்? முதலில் தடுமாறுவேன். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் கண் விழித்துக்கொள்ளலாம் அல்லவா? ஒரே ஒரு மேட்ச்சையாவது கண்ணால் பார்த்து ஆடலாம் அல்லவா? அன்று மட்டும் எத்தனை விரிப்பைக் கீழே விட்டேன், அக்காவிடம் எவ்வளவு திட்டு வாங்கினேன் என்று கேட்காதீர்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் பத்தில் பாதியாவது என் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பாதியை நம்பித்தான் முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை மைதானத்தில் அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, இன்னைக்கு நீ போட வேணாம்.”

“ஏன்?”

“புதன்கிழமை ஆபரேஷன். இப்பப் போய்க் காலைத் திருகிக்கிட்டா அண்ணி என்னைத்தான் கொல்லுவாங்க. உதவி கோச் போடட்டும்.”

“எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. கடைசி மேட்ச்...”

“வேணாம்ணா. சொன்னாக் கேளு.”

அவன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, மடித்துப் பையில் வைத்தான். பெஞ்சின் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்தான். நான் திரும்பிக்கொண்டேன்.

உதவி கோச் நல்ல எறிகாரி. கால் தரையில் படும் சத்தம்கூட இல்லாமல் நகர்வாள். கம்பைத் தோளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பாள். முதல் பந்து என் காதை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது கீழே. மூன்றாவது எங்கே என்றே தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்து நின்ற எதிர் டீம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என் பின்னால் கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. பந்துகள் போய்க்கொண்டே இருந்தன. வலைக்குள்ளிருந்து குனிந்து குனிந்து பொறுக்கிப் போட்டேன். ஐயோ, போதும் என்று ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்புறம் ஒரு பந்தைப் பார்த்தேன்.

எப்படிச் சொல்வது? அவள் மணிக்கட்டு திரும்பியது, வலைப்பையின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது, அது கிளம்பியது, என் கம்பு அதன் முன்னால் இருந்தது. அவ்வளவுதான். சத்தமே இல்லை. அடுத்ததும் தெரிந்தது, வலது பக்கம் கீழே. பிடித்தேன். அதற்கடுத்ததும். இத்தனை வருடம் ஆடியும் லாக்ரோஸ் பந்து காற்றில் எப்படிச் சுழன்று வரும் என்பதை நான் அன்றுதான் பார்க்கிறேன். அழகாக இருந்தது. சந்தோஷத்தில் திரும்பினேன்.

கோச் அங்கே இல்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில், புதுசின் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஓடினேன். “கோச், இப்பத்தான் தெரிய ஆரம்பிச்சுது. கடைசியா வந்ததெல்லாம் புடிச்சேன். அவங்களையே கேளுங்க. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க, ப்ளீஸ்.”

“நேரம் இல்லம்மா.”

“கோச், நான் இன்னைக்கு நல்லா ஆடுவேன். சத்தியமா ஆடுவேன்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “வார்ம்-அப்லயே இப்படின்னா மேட்ச்ல என்ன பண்ணுவ? உன்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதானேம்மா” என்றார்.

விசில் அடித்தார்கள். நான் பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

புதுசு சிலதை விட்டாள், பலதைப் பிடித்தாள். கடைசியில் எல்லாரும் ஒரே குவியலாக அவள் முன்னால் வந்து மோதியபோது, அத்தனை கால்களுக்கு நடுவிலிருந்து வந்த பந்தை முழங்காலால் தடுத்தாள். ஜெயித்தோம். பெண்கள் அவள் மேல் விழுந்து புரண்டார்கள். நானும் கை தட்டினேன். மனசாரத் தட்டினேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவள் தடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

உடைமாற்றும் அறைக்கு வெளியே கோச் என் தோளைத் தட்டினார். “இத்தனை வருஷம் வந்ததுக்கு நன்றிம்மா. அப்புறம் அந்த ஹெல்மெட்ட அவகிட்ட குடுத்துடு. அவளோடது லூஸா இருக்கு.” ஹெல்மெட் கிளப்புடையது. கொடுத்தேன். புதுசு வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ்க்கா” என்றாள். உள்ளே என் வியர்வை காயாமல் இருந்ததால், தன் பனியனால் அதைத் துடைத்தாள்.

பேருந்தில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். என் கம்பு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துக்கொண்டிருந்தவன் பிறகு வெடித்தான்.

“நான் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா? சொல்லு! என் பந்து இல்லாம நீ என்னைக்காவது நின்னிருக்கியா? யாரோ வந்து போட்டா கை எப்படி வரும்? கால், கால்னு சொல்லி எல்லாத்தையும் கெடுத்தியே!”

“விடுண்ணா.”

“விட மாட்டேன். புதன்கிழமை வேணாம்னு சொல்லிடப் போறேன். இன்னொரு கிளப் பாப்போம். தினம் சாயங்காலம் போடறேன், ஞாயித்துக்கிழமையும் போடறேன். கால் இப்ப ஓடிப்போயிடாது.”

“அண்ணி?”

“அவகிட்ட நான் பேசிக்கறேன்.”

அவன் பேசித் தீர்த்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை தேதி கொடுத்து, இவன் போகாமல் விட்டு, மறுபடியும் தேதி கிடைக்க அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் தவம் கிடந்தாள். இந்தத் தடவையும் விட்டால் இந்தக் காலோடுதான் அவன் காலம் ஓடும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். இவனோ எனக்காக அதையும் விடத் தயார். எதற்காக? அந்த டொக் சத்தத்துக்காக.

உண்மையைச் சொன்னால் புதன்கிழமை போவான். ஆனால் கடையில் உட்கார்ந்து சாவி வெட்டும்போது அதற்குப் பிறகு எதை நினைத்துக்கொள்வான்? சொல்லாவிட்டால் போகவே மாட்டான். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அதைச் சொல்லும்போது, அன்று மத்தியானம் நான் பார்த்த அந்த வெள்ளைப் பந்து காற்றில் சுழன்று வந்தது ஞாபகத்துக்கு வந்தது.

“நான் இனிமே ஆடலண்ணா.”

“கோவத்துல பேசாத.”

“கோவம் இல்ல. போதும்னு ஆயிடுச்சு. உடம்பெல்லாம் வலிக்குது. பந்தப் பாத்தாலே பயமா இருக்கு. இன்னைக்கு வார்ம்-அப்லயே பாத்தல்ல? நீ போய் ஆபரேஷன் பண்ணிக்க. எனக்காக எதையும் தள்ளிப்போடாத.”

“நிஜமாவா சொல்ற?”

“நிஜமாத்தான்.”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கடைகள் போயின, ஒரு பெட்ரோல் பங்க் போனது, சிக்னலில் வெகுநேரம் நின்றோம். பேருந்து மறுபடியும் கிளம்பிய பிறகுதான் கேட்டான். கோபமெல்லாம் வடிந்து, வழி கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

“அப்ப சனிக்கிழமை நான் என்ன பண்றது?”

நான் கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. அண்ணன் வீடு மேலே, எங்கள் வீட்டுக்கும் மேலே. பையைக் கொடு என்றால் கொடுக்க மாட்டான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினான், நான் கம்போடு பின்னால் ஏறினேன். படியில் அவன் வலது காலை ஊன்றினான், டொக். என் கை தன்பாட்டுக்கு மேலே போனது. அடுத்த படி, டொக். மறுபடியும் போனது. திருப்பத்தில் குனிந்து மூச்சு வாங்கினான், டொக்-டொக். கம்பு கீழே இறங்கியது. வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. மேல் மாடி வரை அப்படியே போனோம். ஒன்றைக்கூட நான் விடவில்லை.